கதவடிக் கதிரை

மடு மாதா துணை

விடத்தல்தீவு
03.07.2011

அன்பின் ஜெனிஸ்ராவின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் உங்களோடு ஒரே அறையில் இருக்கிற நாலு பெடியளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவைக் கேட்கிறேன்.

போன கிழமை எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குக் கறன்ட் வந்தது. பிள்ளை சுவிச்சைப் போடுகிறதும் நிப்பாட்டுகிறதுமாய் நின்றாள். கடைசியில் கையில் ஒன்று போட்டுத்தான் நிறுத்தினேன். அன்றிலிருந்து "ரீவி வாங்குவம் அம்மா" என்று ஒரே கரைச்சல். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். பங்கருக்குப் பக்கத்தில் செல் விழுந்து வெடித்த நாளிலிருந்து எனக்கு மனிசக் குரல் கேட்பதில்லை. போனும் உதவாது. நீங்கள் அனுப்புகிற எழுத்தும் என் போனில் கட்டம் கட்டமாய்த்தான் வருகிறது. ரீவி என்றால் படம் தெளிவாய் இருந்தால் போதும். ஆட்களின் வாயைப் பார்த்தே கதையைப் பிடித்துவிடுவேன். இப்போது எல்லாருடனும் அப்படித்தானே கதைக்கிறேன்.

கூரை போட நீங்கள் அனுப்பிய காசில் மிஞ்சியதுக்கு, இருக்கிறதுக்குக் கதிரை வாங்கினேன். ரெண்டு போதும்தானே என்று கடைக்காரர் கேட்டார். மூன்று விரலைக் காட்டினேன்.

உங்கள் விசாக் கேஸ் என்ன மாதிரி? பாலன் பிறக்கிற நத்தாருக்கு வருவேன் என்று போன நத்தாருக்கும் எழுதினீர்கள், அதற்கு முந்தின நத்தாருக்கும் எழுதினீர்கள். பிள்ளைக்கு ஐந்து வயதில் விட்டுப்போனது. இப்போது என் தோளுக்கு வந்துவிட்டாள். வந்து பாருங்கோ.

உங்கள் அன்பு மனைவி
அகஸ்ரினா


பாரிஸ்
24.07.2011

என் அன்பு அகஸ்ரினாவுக்கு,

உன் கடிதத்தை வேலை செய்கிற ரெஸ்ரோறன்டின் சமையல் குசினிக்குப் பின்னால், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பிள்ளைக்குக் கையில் போடாதே. நான் வந்து எத்தனை சுவிச் வேண்டுமென்றாலும் பூட்டிக் கொடுக்கிறேன்.

ரீவி என் பொறுப்பு. யாரிடமும் யோசனை கேட்காதே. பிளாஸ்மாதான். எங்கள் அறையிலும் அதுதான் வைத்திருக்கிறோம். அதில் கறுப்பு என்றால் கறுப்பு. எல்சிடியில் கறுப்பைச் சாம்பலாய்த்தான் காட்டும், ஆள் வேகமாய் ஓடினால் பின்னால் நிழல் இழுபடும். நீ வாயைப் பார்த்து விளங்கிக்கொள்கிறவள். உனக்கு முகம் கலங்காமல் தெரிய வேண்டும். யன்னலைச் சாத்திவிட்டுப் பிளாஸ்மாவைப் போட்டுப் பார், தியேட்டரில் இருக்கிற மாதிரி இருக்கும்.

விசாக் கார்ட் விசயம் இந்த முறை நல்லபடி முடியும் என்று லோயர் சொல்கிறார். கார்ட் கையில் வந்த அடுத்த நாள் ரிக்கற் போடுவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

என் செல்லத்துக்கு ஆயிரம் முத்தம்.

உன்
மில்ரன்


மடு மாதா துணை

விடத்தல்தீவு
19.08.2011

அன்பின் ஜெனிஸ்ராவின் அப்பாவுக்கு,

மடுத் திருவிழாவுக்குப் போய் உங்கள் கேஸுக்காக மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தோம். அப்படியே மன்னாருக்கும் ஒரு நடை போனோம். பஸ் ஸ்டாண்டில் ஒரு கழுதை பிள்ளையின் பைக்குள் வாயை விட்டுப் பாணை இழுத்துத் தின்றுவிட்டது. அவள் அழ, நான் சிரிக்க, சுற்றி நின்ற சனம் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தது.

யாரிடமும் கேட்காதே என்று நீங்கள் எழுதியும் நான் கேட்டேன். கோபிக்க வேண்டாம். கடைத்தெருவில் சரிபுதீன் நானா ரீவிக் கடை போட்டிருக்கிறார். தொண்ணூறில் இடம்பெயர்ந்து போய்ப் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். காது கேளாது என்றதும் என் முகத்தைப் பார்த்து ஆறுதலாய்க் கதைத்தார். "வீடு வெளிச்சமோ தங்கச்சி? வெளிச்சமெண்டா எல்சிடிய எடுங்கோ. பிளாஸ்மா முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி. யன்னல், கதவு, நிக்கிற ஆள் எல்லாம் உள்ளுக்க தெரியும்" என்றார். பாரமும் கூடவாம், கறன்டும் கூட இழுக்குமாம்.

யன்னலைச் சாத்தச் சொல்கிறீர்கள். சாத்தினால் வேலிப் படலையைத் திறந்து ஆர் வருகினம் என்று எனக்கு எப்படித் தெரியும்? போன மாதம் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பினால் முற்றத்தில் இரண்டு ஆமிக்காரர் நிற்கிறார்கள். எவ்வளவு நேரமாய் நின்றார்களோ தெரியாது. கிணற்றில் தண்ணி அள்ளத்தான் வந்தவர்களாம். அன்று முழுக்க முதுகைச் சுவரில் சாய்த்து வாசலைப் பார்த்தபடிதான் இருந்தேன். அந்த யன்னலைத் திறந்து வைத்துத்தான் நான் இந்த வீட்டில் பயமில்லாமல் இருக்கிறேன்.

அதனால் எல்சிடி போதும். நானும் பிள்ளையும் நேரே முன்னால் இருந்துதான் பார்க்கப் போகிறோம்.

உங்கள் அன்பு மனைவி
அகஸ்ரினா


பாரிஸ்
11.09.2011

என் அன்பு அகஸ்ரினாவுக்கு,

யன்னல் விசயம் என் புத்தியில் ஏறவே இல்லை. மன்னித்துக்கொள். உன் சிரிப்பும் கதையும்தான் என் ஞாபகத்தில் இருக்கிறது. உனக்குக் கேளாது என்பதை நான் ஒருநாளும் கண்ணால் காணவில்லைத்தானே.

ஆனால் உன் நானா ஒன்றைச் சொல்லவில்லை. எல்சிடியில் நேரே இருக்கிறவருக்குத்தான் நல்ல படம். பக்கத்தில் இருந்து பார்த்தால் நிறமெல்லாம் வெளிறிவிடும். பிளாஸ்மாவை எந்த மூலையில் இருந்து பார்த்தாலும் ஒரே படம்தான். நீயும் பிள்ளையும் நேரே இருப்பீர்கள், சரி. நான் வந்தால் எங்கே இருப்பேன்? கதவடியில்தானே. எனக்குக் காற்று வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? கலியாணம் முடித்த நாளிலிருந்து சோறு தின்றதும் அந்தக் கதவடியில்தான். நீங்கள் இருவரும் வடிவான படம் பார்க்க, வீட்டுக்காரன் நான் வெளிறின படம் பார்க்கிறதோ? இது என்ன நியாயம்?

மூன்று கதிரை என்று நீதானே விரலைக் காட்டினாய். மூன்றாவது கதிரைக்கும் சேர்த்து யோசி.

உன்
மில்ரன்


மடு மாதா துணை

விடத்தல்தீவு
02.10.2011

என் அன்பு அத்தானுக்கு,

பாருங்கோ, பழையபடி அத்தான் என்று எழுதிவிட்டேன். பிள்ளை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

கதவடி என்று நீங்கள் எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வருவேன், வருவேன் என்று எத்தனை கடிதத்தில் எழுதினீர்கள். ஒன்றிலும் வந்து எங்கே இருப்பேன் என்று எழுதவில்லை. இந்த முறை எழுதிவிட்டீர்கள். எனக்கு அது போதும். மூன்றாவது கதிரையைக் கொண்டுபோய்க் கதவடியில் போட்டேன். பிள்ளை அதில் இருந்தால் எழுப்பிவிடுகிறேன். உங்கள் தங்கச்சி யசிந்தா மச்சாள் வந்து இருக்கப் பார்த்தா. அவவையும் எழுப்பினேன். அவ ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழும்பிப் போனா.

சரி, பிளாஸ்மாவே வாங்குவோம். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. நானா பொய் சொல்கிற ஆள் இல்லை. பகல் முழுக்க யன்னல் வெளிச்சம்தான் கண்ணாடியில் அடிக்கும் என்றால் நான் ஆரின் வாயைப் பார்த்து என்னத்தை விளங்கிக்கொள்வது? உங்கள் ரீவியை யன்னலைத் திறந்துவிட்டுப் பகலில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. கண்ணாடியில் யன்னல் தெரியாவிட்டால் நானாவிடம் போய் நானே சொல்லிவிடுகிறேன், என்ரை மனுசன் சொன்னதுதான் சரி என்று.

உங்கள்
அகஸ்ரினா


பாரிஸ்
23.10.2011

என் அன்பு அகஸ்ரினாவுக்கு,

நீ கேட்ட படம் இதற்குள் இருக்கிறது. ரீவியை நிப்பாட்டிவிட்டுத்தான் எடுத்தேன். போட்டுவிட்டு எடுத்தால் ஏமாற்றுகிறேன் என்பாய். யன்னல் நன்றாய்த் திறந்திருக்கிறது. கதவடிக் கதிரையில் இருந்து நான் பார்க்கிற மாதிரி ஒரு பக்கமாய் நின்று எடுத்தது. வடிவாய்ப் பார். கண்ணாடியில் எங்கேயாவது யன்னல் இருக்கிறதா? கொண்டுபோய் உன் நானாவுக்கும் காட்டு. பெடியள் எல்லாரும் வேலைக்குப் போன நேரம், அறையில் நான் மட்டும்தான். இல்லாவிட்டால் அவங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றிருப்பாங்கள்.

இன்னொன்று. கோபிக்காதே. கேஸ் மாசிக்குத் தள்ளிப் போய்விட்டது. இந்த நத்தாருக்கு வருவது சரிவராது. நான் வராவிட்டாலும் ரீவி வரும். பிள்ளையை ஏமாற்ற மாட்டேன்.

உன்
மில்ரன்


மடு மாதா துணை

விடத்தல்தீவு
14.11.2011

ஜெனிஸ்ராவின் அப்பாவுக்கு,

படம் கிடைத்தது. நீங்கள் சொன்னது சரி. கண்ணாடியில் யன்னல் இல்லை.

யன்னல் தெரியக் கூடாது என்றே பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். கண்ணாடியின் மற்றப் பக்கத்தில் என்ன தெரிகிறது என்று நீங்கள் பார்க்கவில்லை. அங்கே குசினி வாசல் இருக்கிறது. வாசலில் ஒரு பெண் நிற்கிறா. வீட்டில் போடுகிற சட்டைக்கு மேலே துவாயைப் போட்டிருக்கிறா. இடுப்பில் ஒரு பிள்ளை. நீங்கள் படம் எடுக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா போல, முகத்தில் சிரிப்பு. எங்கள் யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காது போன பிறகு என் கண் எதையும் விடுவதில்லை. அந்தப் பிள்ளையின் காது இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஜெனிஸ்ராவின் காதும் அப்படித்தான். பின்னல் போட்டு நான் மறைத்து விடுகிறேன். அது உங்கள் வீட்டுக் காது.

யசிந்தா மச்சாளிடம் படத்தை நீட்டினேன். நான் ஒன்றுமே கேட்கவில்லை. கையில் வாங்கின உடனே "அதுக்குள்ள ஒண்டும் இல்லை மச்சாள், ஆரோ விருந்தாளியாக்கும்" என்றா. ஒன்றும் இல்லை என்றால் விருந்தாளி எங்கிருந்து வந்தா? அவவின் வாய் சொன்னதை நான் விட்டுவிட்டேன். முகத்தைத்தான் பார்த்தேன். அவவுக்கு எல்லாம் தெரியும்.

எனக்குக் கோபம். எவ்வளவு கோபம் என்று எழுத ஏலாது. இடம்பெயர்ந்து ஓடினபோதும், பங்கருக்குள் கிடந்தபோதும், முகாமில் கம்பிக்குள் இருந்தபோதும் இந்தப் பிள்ளைக்கு அப்பா வருவார் என்று சொல்லித்தான் சோறு தீத்தினேன். நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம். அழுதுவிட்டு எழும்பியிருப்பேன். கதவடியில் கதிரை போட வைத்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். ஜெனிஸ்ரா இன்னும் பார்க்கவில்லை. நான் கண்டது பிழை என்றால் பிழை என்று எழுதுங்கோ. உங்கள் அறையில் இருக்கிற பெடியன் ஒருவனின் குடும்பம் என்று எழுதினாலும் நம்பப் பார்ப்பேன். உண்மை என்றால் அதையும் உங்கள் கையால் எழுதுங்கோ, அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதுங்கோ. நத்தார் வரைக்கும் தபால்காரனைப் பார்த்திருப்பேன். ரீவி வேண்டாம். கடிதம்தான் வேண்டும்.

அகஸ்ரினா


விடத்தல்தீவு
08.01.2012

மில்ரனுக்கு,

கடிதம் வரவில்லை. ரீவி வந்தது.

நத்தாருக்கு முதல் நாள் கொழும்பிலிருந்து லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பிளாஸ்மாதான். தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. பெட்டியோடு திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். பிள்ளை பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அப்பா அனுப்பினவர்" என்று துள்ளினாள். அவளிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

சுவரில் பூட்டியிருக்கிறோம். நல்ல படம். முகங்கள் தெளிவாய்த் தெரிகின்றன, ஆட்கள் கதைக்கிறது எனக்கு முக்கால்வாசி விளங்குகிறது. நீங்கள் சொன்னதில் அது மட்டும் பொய் இல்லை. நிப்பாட்டினால் எங்கள் ஹோல் முழுக்கக் கண்ணாடிக்குள் வந்து நிற்கிறது. யன்னல், அதற்கு அங்காலே படலை, எதிரே நானும் பிள்ளையும். படலையால் ஆர் வந்தாலும் திரும்பாமலே காண்கிறேன். ஒரு படம் எடுத்து உங்களுக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். எங்கள் கண்ணாடியில் நாங்கள் இருவர்தான் இருக்கிறோம், அதை உங்களுக்குக் காட்டி என்ன ஆகப்போகிறது?

கதவடிக் கதிரையும் அதற்குள் தெரிந்தது. ரீவியை நிப்பாட்டும் நேரமெல்லாம் அந்த வெறும் கதிரைதான் முதலில் என் கண்ணில் பட்டது. தூக்கிக்கொண்டுபோய் யசிந்தா மச்சாள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அவ அழுதா. நான் நிற்கவில்லை.

"அப்ப அப்பா வந்தா எங்கை இருப்பார்?" என்று பிள்ளை கேட்டாள். வாய் அசைந்ததை வடிவாய்ப் பார்த்தேன், ஒரு சொல்லும் விடாமல் விளங்கியது. காது கேளாத மாதிரி அங்காலே திரும்பிவிட்டேன்.

இனி எழுத மாட்டேன். பிள்ளைக்கு எழுத வேண்டும் என்றால் அவளுடைய பெயருக்கே எழுதுங்கோ. நான் தடுக்க மாட்டேன்.

பின்னேரத்தில் நானும் அவளும் ரீவிக்கு நேர் எதிரே இரண்டு கதிரையில் இருந்து பார்க்கிறோம். பக்கத்தில் இருந்து பார்க்க இங்கே ஒருவரும் இல்லை. எங்களுக்கு எல்சிடியே போதுமாய் இருந்திருக்கும்.

அகஸ்ரினா