குத்தாலத்தில் தைத்த கோட்டு

மாப்பிள்ளை,

நேற்று மயிலாடுதுறையில் ஒரு துணிக்கடை மாடியில் உட்கார்ந்திருந்தேன். பேரனுக்கு ரிசப்ஷன் வருகிறது, கோட்டு சூட்டு எடுக்கப் போயிருந்தோம். புதுக் கோட்டுத் துணிக்கு ஒரு மணம் உண்டே, இஸ்திரிச் சூடு ஆறாத மணம், அது ஏசிக் குளிரோடு சேர்ந்து மூக்கில் ஏறியது. பேரன் கண்ணாடி முன்னால் நின்று, "எப்படித் தாத்தா இருக்கு?" என்றான். கடைக்காரர் முந்திக்கொண்டு, "ஸ்லிம் ஃபிட் சார், இப்ப எல்லாரும் இதான் போடுறாங்க" என்றார். நான் எழுந்து போய்ப் பையன் தோளைத் தடவிப் பார்த்தேன். தோள் தையல் எலும்பைத் தாண்டி ஒரு விரல் கீழே இறங்கிக் கிடந்தது. "இது உனக்கு வெட்டுனது இல்லப்பா, வேற காட்டச் சொல்லு" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது உன் பேச்சு. போய்ச் சேர்ந்த பிறகும் என் வாய்க்குள் உட்கார்ந்து நீ நியாயம் பேசுகிறாய். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான் என்பது உனக்கும் தெரியும். வாய்க்காலுக்கு அக்கரையில் உன் தெரு, இக்கரையில் என் தெரு. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், இரண்டு அப்பாக்களும் ஒரே மிராசுக்குப் பண்ணையாட்கள். நீ பாஸாகி யூனியன் ஆபீசில் கிளார்க் ஆனாய். நான் ஃபெயிலாகி நாற்றங்காலில் இறங்கினேன். அதோடு விட்டாயா? என் தங்கச்சியையும் கேட்டுக்கொண்டு வந்து நின்றாய். அம்மா உன் முன்னால் பலகாரத் தட்டை வைத்த விதத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளைக்கு அப்படி ஒரு நாளும் வைத்ததில்லை.

"சீர் என்ன தம்பி எதிர்பாக்குறீங்க?" என்று அப்பா கேட்டார். "பாத்திரம் பண்டம் ஒண்ணும் வேண்டாங்க. மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு கோட்டு சூட்டு. எனக்குன்னு அளவெடுத்துத் தைக்கணும்" என்றாய். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கோட்டு தைத்துக் கொடுப்பது மிராசு வீடு இருக்கும் பெரிய தெருவின் வழக்கம். நம் இரண்டு தெருவிலும் அதுவரை கேட்டவனும் கிடையாது, கொடுத்தவனும் கிடையாது. அந்த வழக்கப்படி பெண்ணின் அண்ணன்தான் மாப்பிள்ளையைக் கடைக்கும் டெய்லரிடமும் கூட்டிப் போய், ஊர்வலத்தன்று தன் கையாலேயே கோட்டை மாட்டிவிட வேண்டும். யார் ஏற்படுத்தினார்களோ, வயிற்றெரிச்சல்காரனைத் தேடிப் பிடித்து ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

துணி எடுக்க இதே மாயவரத்துக்குப் பஸ்ஸில் போகும்போது கேட்டேன், ஏன்டா இந்த ஆடம்பரம் என்று. அந்த வருஷம் ஊர் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூலி உயர்வு கேட்டு அறுப்பு நின்று, வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி, போலீஸ் பாதுகாப்போடு கதிர் அறுத்த வருஷம். சர்க்கார் மாறிவிட்டது, சட்டம் வரப்போகிறது, நிலம் வரப்போகிறது என்று மேடைக்கு மேடை பேசினார்கள். நம் கல்யாண ஊர்வலம் மட்டும் இன்னும் வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தது.

"நம்ம ஊர்வலம் பெரிய தெரு வழியாப் போகுது மச்சான்" என்றாய். மறிப்பார்களே என்றேன்.

"மறிக்க மாட்டாங்க, போலீசு இருக்கு. சிரிப்பாங்க. தொளதொளன்னு ஒரு கோட்டப் போட்டுக்கிட்டுப் போனா, எவன் குடுத்த எரவல்டான்னு சிரிப்பாங்க. சிரிச்சுட்டா முடிஞ்சுபோச்சு. அடுத்த கல்யாணம் மறுபடி கரை வழியாத்தான் போகும்."

நம் வீடுகளில் யாராவது அளவுச் சட்டை போட்டுப் பார்த்திருக்கிறோமா? தீபாவளிக்குப் பண்ணை வீட்டிலிருந்து வரும் பழைய சட்டைதான். அப்பாவுக்கு மிராசுப் பெரியவர் சட்டை, எனக்கு அவர் மகன் சட்டை. என்றைக்கும் தோள் விழும், கை நீளும். அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டது உன் மூளை. நீ சொன்னது சரி என்பதில்கூட எனக்குப் பொறாமை, அது எனக்குத் தோன்றவில்லையே என்று.

கருநீல டெரிகாட் எடுத்தோம். நிறம் நான் சொன்னது, அதையாவது ஒத்துக்கொள். குத்தாலத்து டெய்லர் ஒரு முசுடு. பேண்ட் என்றதும் பெல்பாட்டம் என்று எழுதிக்கொண்டார். அப்போது அதுதான் மோஸ்தர். எனக்கும் அதில் உள்ளூர ஆசை, "வச்சுத்தான் பாரேன்டா" என்றேன். "சினிமாவுக்குப் போறவன்னு நெனைப்பாங்க. ஆபீசுக்குப் போறவன்னு நெனைக்கணும். நேரா வெட்டுங்க, ஷூ மேல வந்து ஒரே ஒரு மடிப்பு விழுந்தாப் போதும்" என்றாய். மனதிற்குள் எத்தனை நாள் போட்டுப் பார்த்தாயோ. அவரோடு தோளுக்கும் கை நீளத்துக்கும் மல்லுக்கட்டிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். "மச்சான் தயவு இருந்தா மலையேறிப் பொழைக்கலாம்!"

இவ்வளவு தெரிந்த நீ இடுப்பில் கோட்டை விட்டாய். ஆபீசுக்கும் வேட்டி கட்டிப் போகிறவன். "இடுப்பைக் காட்டு" என்று டெய்லர் சொன்னதும், சட்டையைத் தூக்கி வேட்டி கட்டியிருக்கும் இடத்தைக் காட்டினாய். தொப்புளுக்கு மேலே! அவரும் போகிற போக்கில் அங்கேயே டேப்பைச் சுற்றிவிட்டார். போட்டுப் பார்க்கப் போன அன்று கூத்தாகிவிட்டது. மேலே ஏற்றினால் பேண்ட் பட்டை நெஞ்சுக்கு வந்தது. கீழே இறக்கினால் பட்டன் எட்டவில்லை, கால் தரையைப் பெருக்கியது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான். ஆறு மாதமாக எரிந்துகொண்டிருந்த வயிற்றில் ஒரு சொம்பு பானகம் ஊற்றியது போல் இருந்தது.

வேறொருவனாக இருந்தால் கூசிப் போயிருப்பான். நீ பேண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, டிராயரோடு நடுக்கடையில் நின்று, "பிரிங்க. மறுபடி அளவெடுங்க" என்றாய். "கல்யாணம் நாளன்னிக்குப்பா" என்று டெய்லர் கத்தினார். "அதனாலதாங்க இப்பவே பிரிக்கச் சொல்றேன்." அவர் முனகிக்கொண்டே உன் இடுப்பெலும்பை விரலால் குத்தினார். "பேண்டுக்கு இங்கதான் இடுப்பு. நீ காட்டுனது வேட்டி இடுப்பு."

ஊர்வலத்தன்று பொழுது சாய, பஸ் நிறுத்தத்தில் வைத்து உனக்குக் கோட்டை மாட்டிவிட்டேன். முதுகில் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாதா என்று தேடினேன், இல்லை. ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். உனக்கு இரண்டுமே முழுதாக அமைந்துவிட்டது. "கார்ல பக்கத்துல ஏறு மச்சான்" என்றாய். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் என் சட்டையோடு உட்கார எனக்கு என்ன தலையெழுத்து? நடந்தே வருகிறேன் என்றேன். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நடந்தேன்.

பெரிய தெருவுக்குள் நுழைந்ததும் வண்டித் தடத்தில் சக்கரம் இறங்கி, கார் நின்றுவிட்டது. மேளமும் நின்றது. நீ கதவைத் திறந்து இறங்கினாய். எதிரே பண்ணை வீட்டு வாசலில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். தெரு முழுக்க ஆள்.

என் கை என்னைக் கேட்கவில்லை, மாப்பிள்ளை. துண்டு தோளிலிருந்து கக்கத்துக்குப் போய்விட்டது. மடித்துக் கட்டிய வேட்டி கணுக்கால் வரை இறங்கிவிட்டது. அவரைக் கண்டால் அப்படி இறக்கிவிட்டு நிற்பது நம் அப்பன் பாட்டன் பழக்கம். நான் உன்னைப் பார்த்தேன். உன் வலது கையும் தொடைக்குத்தான் போனது. பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். போன கை துழாவியது. இறக்கிவிட அங்கே ஒன்றும் இல்லை. நேராக வெட்டிய பேண்ட் ஷூ மேல் ஒரு மடிப்பு விழுந்து பேசாமல் நின்றது. கை ஒரு கணம் தடுமாறி, பிறகு பாக்கெட்டுக்குள் போய் அங்கேயே இருந்துகொண்டது.

பெரியவர் உன்னைக் காலிலிருந்து கழுத்து வரை பார்த்தார். "எங்க தச்சது?" என்றார்.

"குத்தாலத்துலங்க."

"நல்லா அமைஞ்சிருக்கு" என்றார். பிறகு அவர் கண் என் பக்கம் திரும்பியது. "அந்தச் சட்டை நம்ம பையனோடதுல்ல?"

தெரு சிரித்தது. நீ பயந்த சிரிப்பு, நீ வராமல் தடுத்துவிட்ட சிரிப்பு, வழி தெரியாமல் வந்து என் மேல் விழுந்தது.

நீ என் தோளில் கையைப் போட்டு, "நடங்க மச்சான்" என்றாய். தெருக்கோடி வரை இரண்டு பேரும் நடந்தே போனோம். கார் பின்னால் வந்தது. உன் கருநீலக் கை அந்தச் சட்டை மேல் கிடந்தது. ஊர் அதைப் பார்த்து, எப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை என்று உருகியது. எனக்கு அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது. அன்பு காட்டவும் உனக்குத்தான் வசதி இருந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணமும் கரை வழியாகப் போகவில்லை. என் கல்யாணமும்தான். அதற்கும் பேர் உனக்கே. உச்சவரம்புச் சட்டத்தில் பிரித்துக் கொடுத்த நிலத்தில் எனக்கு மூன்று மா, ஒரு ஏக்கர், பட்டா கிடைத்தபோது வரப்பில் நின்று, "எனக்குப் பொறாமையா இருக்கு மச்சான்" என்றாய். பொய். உனக்குப் பொறாமைப்படவே வராது. எவ்வளவு சுகமான பிறவி!

உன் கருமாதி முடிந்த அன்று தங்கச்சி பெட்டியைத் திறந்து அந்தக் கோட்டை எடுத்து வந்தாள். "அவுரு ஒனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாருண்ணே. ஒரு தடவை போட்டுப் பாரேன்" என்றாள். இத்தனை வருஷம் உள்ளே எரிந்தது உனக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. போட்டேன். பீரோக் கண்ணாடியில் பார்த்தேன். தோள் ஒரு விரல் விழுந்தது. கை நீண்டு விரலை மூடியது. "நல்லாத்தாண்ணே இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

கழற்றி, மடித்து, அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். "இது அவனுக்கு வெட்டுனதும்மா, எனக்கு வேண்டாம்" என்றேன். உன்னிடமிருந்து நான் ஆசைப்பட்டதெல்லாம் அந்தக் கோட்டுதான். அதைக் கையில் வாங்கியும் வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டாயே, பாவி. உன் மேல் உள்ள பொறாமையை மட்டும் நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. அது எனக்கென்று அளவெடுத்துத் தைத்தது.

இப்படிக்கு,
உன் மச்சான்