லீவில் வளரும் அவரைச் செடி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை விழுங்குகிறாரா, ஜன்னல் வழியே வீசுகிறாரா? அவர் பேச்சை நம்பாதீர்கள்.

இங்கே ஹாஸ்டலில், அறிவியல் ப்ராஜெக்டுக்கு எங்கள் குழுவில் உள்ள நாலு பேரும் சேர்ந்து ஒரு தலைப்பு தேர்ந்தெடுக்க வேண்டும். இதுவரை நான் எதைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்கிய மற்ற மூவரும் திடீரெனத் தேனாய்ப் பேசினார்கள். ஒருத்தி டீ வாங்கித் தந்தாள். அதில் சர்க்கரைகூட அதிகம். ஆளுக்கொரு தடவை, "லீவுக்கு ஊருக்குப் போறியாடி?" என்று விசாரித்தார்கள். இதில் ஏதோ இருக்கிறது என்று அப்போதே நினைத்தேன்.

தூரம் அதிகம், போகவில்லை என்றேன். மறுநாளே தலைப்பு முடிவாகிவிட்டது: கலர் கலரான வெளிச்சத்தில் அவரைச் செடி எப்படி வளர்கிறது? லீவு முழுக்கத் தினமும் அளக்க வேண்டுமாம்.

"நீதான் இங்கயே இருப்பியே!" என்றாள் டீக்காரி.

எனக்குக் கோபமில்லை அம்மா. தொட்டிகளுக்குக் கலர் கண்ணாடிக் காகிதம் சுற்றி என் அறை ஜன்னலிலேயே வைத்துக்கொண்டேன். உங்கள் தையல் டேப்பை அனுப்பி வையுங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. ஒன்று மட்டும்: லீவில் தினமும் சாயங்காலம் போன் பண்ணி, செடி எவ்வளவு வளர்ந்தது என்று கேளுங்கள். என்னைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள்.

அவசரத்தில்,
உங்கள் மகள்