ஊசிக்கு அடங்காத சர்க்கரை

மார்ச் 12, 1962. திங்கள்

காலையிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. சிரிஞ்சைக் கொதிக்கவைத்து இவருக்கு இன்சுலின் போட்டேன். போன வாரத்தைவிட இருபது யூனிட் கூடுதல். டாக்டர் கூட்டிக்கொண்டே போகிறார், சர்க்கரை இறங்குகிற வழியைக் காணோம். மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினால் இன்றும் செங்கல் நிறம், சர்க்கரை ஏறித்தான் நிற்கிறது.

இடது கால் புண் ஆறவில்லை. கிளினிக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெளியில் தின்கிறார். வேறென்ன. வீட்டில் நான் போடுவது கேழ்வரகும் கீரையும்தான். கீழ்வீட்டு லட்சுமி அக்காவும் அதையேதான் சொன்னார்: “ஆம்பளைங்க வெளியில தின்னுட்டு வாயைத் தொடச்சிக்கிட்டு வருவாங்க லா.”

மார்ச் 14, புதன்

வெயில். வாங்க வேண்டியது: ஸ்பிரிட், பஞ்சு, பாகற்காய், விளக்குத் திரி.

மார்க்கெட்டில் முருகையாவைப் பார்த்தேன். துறைமுகத்தில் இவரோடு வேலை செய்பவர். கேட்டே விட்டேன், இவர் அங்கே என்ன சாப்பிடுகிறார் என்று.

“நீங்க கட்டிக் குடுக்குறதுதான் அண்ணி. கடையில தே ஓ, பாலில்லாத தேத்தண்ணி, குடிச்சாக்கூட சீனி போட மாட்டாரு.”

கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பாரா? நம்பவில்லை. திரி வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 15, வியாழன்

நான் கேட்டதை முருகையா இவரிடம் சொல்லிவிட்டார். இவர் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“என்னை வேவு பாக்குறியா?”

“பின்ன சர்க்கரை ஏங்க எறங்க மாட்டேங்குது?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் ஒண்ணும் திங்கல.”

முருகன் படத்தின் முன்னால் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு என்பார்கள், தீனிக்காரன் சத்தியம் மட்டும் நிற்குமா? பேச்சு வார்த்தை இல்லை. ஊசி போடும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 19, திங்கள்

நாளை ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிறார்கள். சீன நர்ஸ் இவரிடம் மலாயில் ‘புவாசா’ இருந்து வரச் சொன்னாராம்.

“விரதமாம்,” என்றார். நான்கு நாளில் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

மார்ச் 20, செவ்வாய்

விரதம் என்றால் பாலும் பழமும். சர்க்கரைக்காரருக்குப் பழம் வேண்டாமென்று பால் மட்டும், பெரிய டம்ளரில். கூடவே போனேன்.

மதியம் டாக்டர் கூப்பிட்டார். நம்ம ஆள்தான், தமிழில் பேசுகிறார். கண்ணாடிக் குழாயைக் காட்டினார். இரத்தம் அடியில் தங்கி, மேலே நிற்கும் நீர் மஞ்சளாய்த் தெளிவாக இருக்கவேண்டுமாம். இவருடையது தேங்காய்ப்பால். அவ்வளவும் கொழுப்பு.

“காலையில என்ன சாப்பிட்டாரு?”

பால் என்றேன். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

“புவாசான்னா பச்சத்தண்ணியைத் தவிர ஒண்ணும் கூடாதும்மா.”

வார்டில் சேர்த்து, அவர்கள் சாப்பாட்டை மட்டும் கொடுத்து, மறுபடி எடுக்கப்போகிறார்கள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு எவ்வளவு நிம்மதி. வெள்ளையாக இருந்தது பாலால்தான். வாயைக் கட்டி வைத்தால் சர்க்கரையும் இறங்கும், இவர் குட்டும் வெளிப்படும். வெளிப்படட்டும். கால் மிஞ்சும்.

மார்ச் 23, வெள்ளி

மூட்டம். மழை வரவில்லை.

டாக்டர் என்னை வராந்தாவில் தனியாக நிறுத்திச் சொன்னார். “நேத்து ராத்திரியிலேருந்து தண்ணியைத் தவிர ஒண்ணும் குடுக்கல. அப்பவும் குழாயில பால் மாதிரிதான் இருக்கு. சர்க்கரையும் எறங்கல.”

வெளியில் தின்கிறார் என்றல்லவா நினைத்தேன் என்றேன்.

“இல்லம்மா. இங்க எங்க கண்ணு முன்னாடிதானே இருக்காரு. ஊசி மருந்து உள்ள போவுது, உடம்பு அதுக்கு மசிய மாட்டேங்குது. இரத்தத்துல இப்படிக் கொழுப்பு நிக்கிற சில பேருகிட்ட இதைப் பாக்குறோம். கொழுப்பு இன்சுலினைத் தடுக்குதா, இன்சுலின் எடுபடாததால கொழுப்பு ஏறுதான்னு பெரிய பெரிய டாக்டருங்களே இன்னும் தர்க்கம் பண்ணிக்கிட்டிருக்காங்க.”

“கால், டாக்டர்?”

“பாப்போம்.”

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

இவருக்கு ஒரே சந்தோஷம். பக்கத்துப் படுக்கை மலாய்க்காரரிடமும் சொல்லியாகிவிட்டது போல, அவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

“நர்ஸே சொல்லிட்டாங்க, நான் ஒண்ணும் திங்கலன்னு. இப்பவாச்சும் நம்புறியா?”

நம்புறேங்க என்றேன்.

தின்றிருக்கக் கூடாதா மனுஷன்.