கைக்கு அடங்கும் கழுத்து

அரியலூர் பஸ் வர இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. மணிமொழி காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, இன்னும் தூங்கிக்கொண்டிருந்த கணவன் சுதர்சனுக்கு எழுதினாள்.

"என்னங்க, புளிக்கொழம்பு அடுப்பு மேல இருக்கு. சாவியப் பக்கத்து வூட்டு பஞ்சவர்ணம் அக்காகிட்ட குடுங்க."

அதற்குமேல் பேனா ஓடவில்லை. போன வருஷம் மணிக்கட்டு முறிந்ததிலிருந்து, கச்சேரியில் வாசித்துவிட்டு வந்தால் சுதர்சனின் இடக்கை இரண்டு நாள் வீங்கிக் கிடக்கும். நேற்று அவள்தான், "அந்த கிட்டார வித்துடுங்க, உங்க கைக்கு இனிமே ஆவாது" என்று சொல்லிவிட்டாள். அவன் சாப்பிடாமல் எழுந்து போனான்.

இன்று காலை வீடு பெருக்கும்போது அந்த எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்து, அவன் 'நெக்கு' என்று சொல்லும் அதன் நீண்ட கழுத்தை, அவனைப் போலவே இடக்கையால் பிடித்துப் பார்த்தாள். மம்பட்டிக் காம்புபோல் உருட்டாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் அவளுக்கே கட்டைவிரல் கடுத்தது.

"உங்க கை மேல தப்பில்லங்க. நெக்குதான் ரொம்பத் தடிப்பு. இன்னைக்கே திருச்சி கிட்டார் கடைக்குப் போயி வேற ஒண்ணு பாருங்க. கலரப் பாக்காதீங்க. கண்ண மூடிக்கிட்டு ஒவ்வொண்ணாப் புடிச்சுப் பாருங்க. மெல்லிசா, பின்பக்கம் கொஞ்சம் தட்டையா இருக்குறதக் கேளுங்க. உக்காந்தும் நின்னும் வாசிங்க. கடைக்காரர் அவசரப்படுத்துனாலும் எழுந்திரிக்காதீங்க."

தெருமுனையில் ஹாரன் கேட்டது. மிச்சமிருந்த ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"நேத்து நான் சொன்னது தப்பு. சாப்புட்டுட்டுப் போங்க."

மதியம் ஆபீஸில் அவள் போன் அடித்தது. எடுத்ததும் கிட்டார்ச் சத்தம்தான் கேட்டது; ஒரு பாட்டு முழுக்க ஓடியது. பிறகுதான் சுதர்சன் பேசினான்.

"கடையிலதான் இருக்கேன், அரை மணி நேரமா வாசிக்கிறேன், மணி. வலிக்கவே இல்ல."