நெட்டைக்கு ஜோடி குட்டை

விடுதி, கள்ளக்குறிச்சி
10.11.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மலர்விழி எழுதுவது. இங்கே செல்போன் கூடாதென்பதால் கடிதம். நான் நலம். நீங்கள் வெறும் டீயைக் குடித்துவிட்டுக் கரும்பு வெட்டப் போனால், செத்துப்போன அம்மா கனவில் வந்து திட்டும்.

அறிவியல் கண்காட்சிக்கு டிஎன்ஏ மாதிரி செய்யவேண்டும். உடம்பு எப்படி அமையவேண்டும் என்ற குறிப்பெல்லாம் அதில்தான். பாதி அம்மாவிடமிருந்து, பாதி பெற்ற அப்பாவிடமிருந்து வரும். பார்க்க முறுக்கிய நூலேணிதான். இரண்டு பக்க இழையிலும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் இருக்கும். உங்கள் ஆலைச் சர்க்கரை இல்லை, சிரிக்காதீர்கள். ஒவ்வொரு படியும் இரண்டு துண்டு சேர்ந்தது. துண்டில் நாலு வகை: ஏ, ஜி நெட்டை. டி, சி குட்டை. காய்ந்த கரும்பை நறுக்கி, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கயிற்றில் கட்டித் தருவீர்களா?

அன்புடன்,
மலர்விழி


மணலூர்பேட்டை
24.11.2025

அன்பு மலருக்கு,

ஏணியை உங்கள் விடுதி வாசலில் கொடுத்தேன், கிடைத்திருக்கும். வேலைக்கு நடுவில் வந்ததால் நிற்கமுடியவில்லை. கரும்புக் கட்டு கட்டுகிற பழக்கத்தில் நெட்டையோடு நெட்டை, குட்டையோடு குட்டை சேர்த்தேன். "இன்னாய்யா, எலி முழுங்கின பாம்பாட்டம் கீது" என்றான் என்கூடக் கரும்பு வெட்டுகிற பச்சமுத்து.

களமருதூரிலிருந்து உன் தாய்மாமன் வந்திருந்தார். "பொண்ணு இனிமே எங்க வூட்லயே இருக்கட்டுங்க. நீங்க அதுக்கு இன்னா உறவு?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். உன் அம்மா இருந்தவரை, அவளைக் கட்டிக்கொண்டவன் என்று என்னிடம் பதில் இருந்தது. பாதி அம்மா, பாதி பெற்ற அப்பா என்று நீயே எழுதியிருக்கிறாய். பொங்கலுக்கு அங்கேயே போ, கண்ணு. எனக்கு வருத்தமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். இருக்கிறது.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன்


விடுதி, கள்ளக்குறிச்சி
8.12.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பச்சமுத்து மாமா சொன்னது சரி. ஏணி ஓரிடத்தில் பெருத்து, ஓரிடத்தில் சிறுத்திருந்தது. எதோடு எது சேரும் என்று நான்தான் எழுதவில்லை. ஏ டியோடு, ஜி சியோடு. நெட்டைக்கு ஜோடி எப்போதும் குட்டைதான். அப்போதுதான் ஏணி ஒரே அகலமாக இருக்கும். பிரித்துக் கட்டினேன். உங்கள் முடிச்சை அவிழ்த்ததில் விரல் இன்னும் நோகிறது. இரண்டாம் பரிசு கிடைத்தது.

களமருதூர் மாமாவுக்கு நானே எழுதிவிட்டேன். காணும் பொங்கலுக்கு வந்து பார்ப்பேன், இருப்பது மணலூர்பேட்டையில்தான் என்று. காய்ச்சலில் கிடந்த என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது யார் என்பது டிஎன்ஏவில் இருக்காது.

உங்கள்மேல் ஒரு கோபம். வாச்மேன் ஏணியைத் தரும்போது, "யாருன்னு கேட்டேம்மா. பாப்பாவுக்குத் தெரிஞ்சவருன்னு சொல்லிட்டுப் பூட்டாரு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போகிக்கு முந்தின நாள் கூட்டிப்போக வாருங்கள். வாச்மேன் மறுபடியும் கேட்பார். மலரோட அப்பா என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
மலர்விழி