நெல்லைப் போல நின்ற புல்

தங்கச்சி,

அன்று கொக்கட்டிச்சோலையில் நம் வயல் வட்டையில் நின்றது நாலு பேர். நீ, நான், வரம்பில் குடையோடு அப்பா, களை பிடுங்க வந்த பூரணம்.

இன்று காலை மருந்து மணம் அடுக்களை வரைக்கும் வந்தது. என் மூத்த மகன் புல்லுக்கு அடித்துவிட்டு வந்து, "போன போகம் செத்த புல்லு இந்தப் போகம் சாகுதில்ல. மருந்தில கலப்படம்" என்று கடைக்காரனைத் திட்டினான்.

"கலப்படமில்ல மனே. போன முறை சாகாம நிண்டதுதான் விதை போட்டது. இது அதுட பிள்ளையள்" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இதை எங்கே படித்தாள் என்று நினைத்திருப்பான். உன்னிடம்தான் படித்தேன்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்க உனக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் படிப்பால் வயலுக்கு என்ன பயன் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அதைக் காட்டத்தான் அவரை வட்டைக்குக் கூட்டி வந்தாய்.

அன்று காலையில் பூரணம்தான் உனக்குச் சொன்னாள். "வரம்பில கிடக்கிறதும் உள்ளுக்கு நிக்கிறதும் ஒரே சாதிப் புல்லு, புள்ள. வெளியில சிவந்து படர்ந்து கிடக்கும். உள்ளுக்குப் பச்சையா, நேரா, நெல்லுப்போல நிக்கும் கள்ளி. இலை தண்டில சேருற இடத்தில நெல்லுக்கு ஒரு சின்ன நாக்கு இருக்கும். இதுக்கு இல்ல. அத வெச்சித்தான் பிடிப்பன்."

நீ இரண்டையும் பிடுங்கி அப்பாவிடம் நீட்டினாய். "வரம்பில ஆரும் பிடுங்கிறதில்ல அப்பா, அது அப்பிடியே கிடக்கு. உள்ளுக்கு, வேறயாத் தெரிஞ்சத எல்லாம் பரம்பரையாப் பிடுங்கிப் போட்டம். கொஞ்சம் நெல்லுப்போல நிண்டது கண்ணுக்குத் தப்பி விதை போட்டது. அதுக்குள்ள இன்னும் நெல்லுப்போல நிண்டது அடுத்த முறையும் தப்பினது. நம்மட கைதான் இத மாத்தினது. இப்பிடித் தலைமுறை தலைமுறையா மாறி வாறதத்தான் கூர்ப்பு எண்டு படிக்கிறம்."

"இன்னும் ரெண்டு வருசம் படிச்சா என்னையும் புல்லெண்டுவாய்" என்றார் அப்பா. ஆனாலும் புல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். களை விஷயத்தில் அவர் நம்பியது ஒருத்தியின் வாயை மட்டும். "பூரணம் சொல்லட்டும். ரெண்டும் ஒரே புல்லெண்டா நீ போய்ப் படி."

பூரணம் தனக்குக் கூலி கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்தாள். குனிந்து கைச் சேற்றைக் கழுவினாள்.

"எனக்கென்ன தெரியும் போடியார். அது வேற, இது வேற போலதான் கிடக்கு."

அப்பா திரும்பி நடந்தார். அடுத்த ஆவணியில் உன்னைக் கிரானில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே வீட்டுக்குப் பின்னால் இரண்டு புல்லின் விதையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வளர்த்தாய். ஒரே மண், ஒரே தண்ணீர். அப்போதும் ஒன்று படர்ந்தது, மற்றது நெல்லைப் போல நேராக நின்றது. "பாத்தியா அக்கா, உடம்போட வந்த குணம்" என்று எனக்குக் காட்டினாய். அப்பாவுக்குக் காட்ட அவர் உயிரோடு இல்லை.

"பூரணம் கூலிக்கு வந்தவ அக்கா, பாவம், விடு" என்றும் சொன்னாய். உன் மனம் அப்படி. போன மாசியில் நீயும் போய்விட்டாய்.

நாளைக்கு நான்தான் இறங்கிப் பிடுங்கப்போகிறேன். கண் மங்கிவிட்டது. நாக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். என் விரலுக்கும் தப்பியது விதை போடும், அதுவும் தெரியும்.

அப்பாவை மன்னித்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி நின்றாள். அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன், தங்கச்சி. பூரணத்தை.