கையெழுத்துப் போடாத சிஸ்டருக்கு

சிஸ்டர்,

நீங்கள் வேலை பார்த்த அந்தத் தென்காசி ஆஸ்பத்திரி வாசலில் இன்று காலை உங்களுக்கு ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மை வாடை போகாத புது ஃபிளெக்ஸ். பழைய அடையாள அட்டையில் இருந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள்; உங்கள் முகம் ஒரு பக்கம் கோணிவிட்டது. ‘கண்ணீர் அஞ்சலி. எங்கள் மருத்துவமனைக் குடும்பத்தின் மூத்த சகோதரி’ என்று போட்டிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் உங்களை வெளியே அனுப்பிய அதே குடும்பம்தான்.

கீழே ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்று ஒரு பட்டியல். அதில் மூன்றாவது பெயர் என்னுடையது, பட்டங்களோடு. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையை ஆட்டியிருப்பேன். அந்த ஆஸ்பத்திரியில் நான் எதற்குத்தான் தலையை ஆட்டவில்லை? ஃபிளெக்ஸைக் கிழிக்கக் கை வந்தது. கிழிக்கவில்லை. உள்ளே மயக்கம் கொடுக்க எனக்கு ஒரு கேஸ் காத்திருந்தது. ‘இன்றைக்கு வேறு ஆளைப் பாருங்கள்’ என்று போனில் சொல்லிவிட்டு வண்டியைப் புளியங்குடிக்கு விட்டேன்.

புளியங்குடிக்கு ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லப் போகிறேன். இந்த மூன்று வருடத்தில், இன்று காலை வரை, இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அது சாரல் நேரம். சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்தில் குளிக்கிற கூட்டத்தில் பாதி, எலும்பு டாக்டர் வீட்டு வழியாகத்தான் ஊர் திரும்பும். அப்படி வந்தவர்தான் அந்தப் புளியங்குடிக்காரர். எலுமிச்சை மார்க்கெட்டில் லாரிக்கு லோடு ஏற்றிவிடுகிறவர். ஐந்தருவிப் பாறையில் வழுக்கி விழுந்து முன்கை எலும்பு இரண்டும் முறிந்திருந்தது. நாற்பது வயது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பீடிகூடக் கிடையாது. தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு வரும்போதே உங்களோடு வம்பு பேசிக்கொண்டு வந்தார்.

“எக்கா, ஊசி போட்டா வலிக்குமா?”

“வலிக்கும். ஒரு சாக்கு எலுமிச்சங்காய தூக்குத ஆளு ஊசிக்கு பயப்படலாமா?” என்றீர்கள்.

எல்லோரையும் அப்படித்தான் நீங்கள் பேச வைப்பீர்கள். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போதும் விடமாட்டீர்கள். எந்தத் தெரு, பக்கத்து வீட்டுக்காரன் யார், அவனோடு என்ன சண்டை என்று நோண்டுவீர்கள். ஆள் எரிச்சலாகி உங்களைத் திட்ட ஆரம்பித்தால்தான் திருப்தி. “நல்லா வாயாடுதாரு டாக்டர், இனிமே வார்டுக்கு அனுப்பலாம்” என்பீர்கள். பல லட்சத்துக்கு வாங்கின எந்த மெஷினும் அவ்வளவு தெளிவாக எனக்கு ஒன்றைச் சொன்னதில்லை.

அந்த மெஷின் சங்கதிக்கும் வருகிறேன். நோயாளியின் விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் மானிட்டர். அளவு குறைந்தால் கத்தும். கத்துவதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி முதலாளிக்கு, அவரே ஆபரேஷன் செய்கிறவர் என்பதால், அந்தச் சத்தம் ஆகாது. “என்ன சிஸ்டர், இது ஆஸ்பத்திரியா, கோயில் கொடைத் திருவிழாவா? அத நிறுத்துங்க” என்பார். நிறுத்துவீர்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் திரும்பப் போட்டுவிடுவீர்கள். இந்தக் கூத்து ஒரு நாளைக்கு நாலு முறை நடக்கும். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். ‘சத்தம் இருக்கட்டும் சார், அது என் பொறுப்பு’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த கேஸுக்கு வேறு மயக்க டாக்டரைக் கூப்பிடுவார். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று கூப்பிட்ட இடத்துக்கு ஓடிப் பிழைக்கிறவன் நான். என் வீரம் அவ்வளவுதான்.

உங்களுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. வெள்ளை பிளாஸ்டரில் ஒரு சாண் கிழித்து ட்ராலி ஓரத்தில் ஒட்டிக்கொள்வீர்கள். எத்தனை மணிக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு எந்த அளவு, எல்லாம் பால்பாயிண்ட் பேனாவால் அதில் ஏறும். நம் ஊர் தியேட்டர்களில் எல்லோரும் செய்வதுதான். கேஸ் நடக்கும்போது பிளாஸ்டரில் குறிப்பது, முடிந்தபின் உட்கார்ந்து கேஸ் ஷீட்டில் அழகாக எழுதுவது. அதற்கு ‘ஃபேர் காப்பி’ என்று பெயர் வேறு. பிளாஸ்டரில் தொண்ணூற்றிரண்டு என்று இருப்பது ஷீட்டுக்கு வரும்போது தொண்ணூற்றெட்டாகும். ஏறி இறங்கின பிரஷர் எல்லாம் நேர்கோடாகும். நீங்கள் மட்டும் அப்படியே பார்த்து எழுதுவீர்கள். ஒருமுறை நான் கேலி செய்தேன். “ஆள் முன்னால இருக்கும்போதே எழுதிரணும் டாக்டர். பொறவு யோசிச்சி எழுதுனா நமக்கு நல்லதாத்தான் எழுதுவோம்” என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

புளியங்குடிக்காரருக்கு ஆபரேஷன் ஒழுங்காக முடிந்தது. தொண்டைக் குழாயை எடுத்து, பக்கத்து அறையில், மயக்கம் தெளிகிற கட்டிலில் கிடத்தினோம். செங்கோட்டையிலிருந்து எனக்கு மூன்றாவது போன் வந்துவிட்டது. அங்கே ஒரு ஹெர்னியா. அவசரம் ஒன்றுமில்லை. சர்ஜனுக்கு மதியம் ஒரு கல்யாண வீடு, அவ்வளவுதான்.

“டாக்டர், இவரு தலைய தூக்குதாரு, ஆனா நிக்க மாட்டேங்கு. அஞ்சு எண்ணுததுக்குள்ள விழுந்துருது. இன்னும் பத்து நிமிஷம் இருங்க” என்றீர்கள்.

தசையைத் தளர்த்துவதற்கு நான் கொடுத்த மருந்து இன்னும் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். எனக்கா தெரியாது? பரீட்சைக்குப் படித்தவன். “சாச்சுரேஷன் நூறு காட்டுது சிஸ்டர், ஆக்சிஜனும் போய்ட்டிருக்கு. பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினேன். மாஸ்க் வழியாக ஆக்சிஜன் போகும்வரை மூச்சு மந்தமானாலும் எண் கொஞ்ச நேரத்துக்கு நூறிலேயே நிற்கும் என்பதும் பரீட்சைக்குப் படித்ததுதான். பத்து நாற்பதுக்கு நான் வண்டியில் ஏறினேன்.

பத்து ஐம்பத்தைந்துக்கு அடுத்த கேஸுக்கு, மயக்கம் தேவைப்படாத ஒரு மாவுக்கட்டுக்கு, ஆள் இல்லையென்று உங்களைத் தியேட்டருக்குள் கூப்பிட்டார்கள். இன்னொரு சிஸ்டர் லீவு. “அங்கன பேஷன்ட் தனியா இருக்காரு சார்” என்று நீங்கள் சொன்னதற்கு, “தெளிஞ்ச ஆள பாத்துக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?” என்றாராம் முதலாளி. அன்று மானிட்டர் சத்தத்தையும் அவரே கையால் நிறுத்தியிருந்தார். பதினொன்று பத்துக்கு நீங்கள் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது அந்த மானிட்டர் நாற்பத்திரண்டு என்று காட்டி சத்தமில்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. உதடு நீலம். நாடி இல்லை. தனியாக அவர் நெஞ்சை அமுக்கி, ஆம்பு பேக்கால் காற்றுக் கொடுத்து, கத்தி ஆட்களைக் கூட்டி, இதயத்தைத் திரும்பத் துடிக்க வைத்தது நீங்கள். போன் வந்து நான் திரும்பி வந்து சேர்ந்தபோது நீங்கள் இன்னும் ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டிருந்தீர்கள்.

இதயம் வந்தது. அவர் வரவில்லை. திருநெல்வேலியில் பல நாள் வென்டிலேட்டரில் கிடந்து வீடு திரும்பினார். ஊட்டினால் விழுங்குகிறார். பெற்ற மகளைத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் முதலாளி அறையில் நாம் மூன்று பேர். “ரெண்டு பேருக்கும் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்” என்று ஆரம்பித்தார். புது ஷீட் எடுத்து நான்தான் எழுதினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு. பதினொன்று பத்துக்குத் திடீர் மாரடைப்பு. பக்கத்திலேயே நர்ஸ், பக்கத்திலேயே டாக்டர். என் கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது. பிறகு ஷீட்டை உங்கள் பக்கம் தள்ளினார்.

“நான் அங்கன இல்லையே சார். இல்லாத நேரத்துக்கு எப்பிடி கையெழுத்து போட?”

“போடலைன்னா என்னாகும்னு தெரியும்லா?”

“தெரியும் சார்.”

அவ்வளவுதான் பேசினீர்கள். அவரைப் பார்த்துப் பேசிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். மறுவாரம், சொல்லாமல் லீவு எடுத்ததாகக் காரணம் காட்டி உங்களை நிறுத்தினார்கள். அச்சன்புதூரில் ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு மிச்ச நாளை ஓட்டினீர்கள். அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். வண்டியை நிறுத்தியதில்லை.

முந்தாநாள் உங்களுக்கு வந்தது உண்மையான மாரடைப்பு. நான் புளியங்குடிக்காரருக்கு எழுதியது பொய். நேற்று உங்கள் வீட்டுக்கு வந்து மாலையை வைத்துவிட்டு, உங்கள் மகனிடம் என் பெயரைக்கூடச் சொல்லாமல் திரும்பினேன்.

புளியங்குடியில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் மனைவி இப்போது மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறார். நான் போனபோது கணவருக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“நீங்கதான மயக்க டாக்டரு?”

“ஆமாம்மா.”

“இருங்க. இவிய சாப்பிடட்டும்.”

ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் வழியெல்லாம் சேர்த்துவைத்த கோபத்தோடு ஆரம்பித்தேன். மானிட்டர் சத்தத்தை நிறுத்தியது, ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரி நடத்துவது, உங்களைத் தியேட்டருக்குள் இழுத்தது, பொய் ஷீட், எல்லாவற்றையும் கொட்டினேன். அழுவார், கத்துவார், செருப்பைத் தூக்குவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“இதெல்லாம் அந்த சிஸ்டரு அன்னைக்கே வந்து சொல்லிட்டாவ” என்றார். “வேலைய விட்டு நிப்பாட்டுன மறுநாளு திருநவேலி ஆஸ்பத்திரிக்கே வந்தாவ. பொறவு வீட்டுக்கு மாசத்துக்கு ஒருக்க வந்து இவியள குளிப்பாட்டி, முதுகு புண்ணாகாம பாத்துட்டு போவாவ. போன மாசங்கூட வந்தாவ.”

நீங்கள் இறந்துபோனதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதுதான் அவர் அழுதார். நானும் கூடச் சேர்ந்து அழுதிருக்கலாம். எதிரில் கட்டிலில் அவர் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது எனக்கு அந்த உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

“எழுதிக் குடுங்க. நர்சு சொன்னத எந்த வக்கீலும் காதுல வாங்க மாட்டேங்கான். டாக்டர் எழுதுனா வாங்குவான்லா?”

எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். தலைநிமிர்ந்தே எழுதினேன். அவர் ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலே போய்த் தேடினார்.

“நீங்க எத்தன மணிக்குப் போனிய?”

தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். உங்களைக் கூப்பிட்ட நேரம் இருந்தது. உதடு நீலமாக இருந்ததும் இருந்தது. முதலாளி சொன்ன வார்த்தை அப்படியே இருந்தது. நான் கிளம்பிய நேரம் இல்லை. வேண்டுமென்று விடவில்லை, சிஸ்டர். அதைவிடக் கேவலம், அது என் நினைவுக்கே வரவில்லை.

“சிஸ்டர்ட்ட கேட்டேன். ‘அத மட்டும் நான் சொல்ல மாட்டேன், அவரு வாயால வரணும்’னுட்டாவ. வருவாரான்னு கேட்டேன். ‘வருவாரு, லேட்டா வருவாரு’ன்னாவ.”

பத்து நாற்பது என்று எழுதினேன். தலை நிற்கவில்லை, பத்து நிமிடம் இருங்கள் என்று சிஸ்டர் சொன்னார்கள், நான் இருக்கவில்லை என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அதைக் கொண்டு அவர் என்ன செய்வாரோ, என் பதிவு எண் மிஞ்சுமோ மிஞ்சாதோ, அது அவர் இஷ்டம். எனக்கு அதில் பயம் இருக்கிறது. இல்லையென்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் முதலாளி மேல் இருந்த கோபம் எங்கோ போய், உங்கள் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. மூன்று வருடம்! மாதாமாதம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். என் நம்பர் உங்களிடம் இருந்தது. ஒரு போன் போட்டு, ‘ஏலே, வெக்கமா இல்லையா உனக்கு?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பேனே என்று ஸ்டீயரிங்கில் அடித்தேன்.

வந்திருக்க மாட்டேன். அது தெரிந்துதான் நீங்கள் கேட்கவில்லை.